மணலுக்கடியில் இனிய நீர்: தரங்கம்பாடி முதல் தனுஷ்கோடி வரை ஒரு தனிப் பயணம்

தரங்கம்பாடியிலிருந்து தனுஷ்கோடி வரை, கடலை ஒட்டியும் சற்றே விலகியும் செல்லும் வழி நம் மாநிலத்தின் அழகிய வழிகளுள் ஒன்று. மயிலாடுதுறை, நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் கடலோரக் கிராமங்களை அது ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுச் செல்கிறது. இடையே காரைக்காலும் வருகிறது. விடுமுறை நாட்களில் அவ்வழியே வருவோர் மணல்மேட்டையும் பனந்தோப்பையும் தாழம்புதரையும் அலையாத்திக் காட்டையும் கண்டு மகிழ்ந்து, படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். அவர்கள் கண்டு மகிழும் அப்பொருள்களே அவ்வூர்களின் குடிநீரையும் பயிரையும் காத்து நிற்கின்றன என்பது வருவோருக்குத் தெரிவதில்லை. அவ்வூர்ப் பஞ்சாயத்து உறுப்பினர் சிலருக்கும் தெரியவில்லை என்பதைக் கண்டதே இக்கட்டுரையை எழுதக் காரணமாயிற்று.

இக்கரையோரம் இன்று நேற்று உண்டான வழியன்று. சேது யாத்திரை செல்வோர் இரயிலும் பேருந்தும் வருமுன் இப்பக்கமாகவே கால்நடையாய் இராமேசுவரம் சென்றனர். அவர்கள் தங்கிச் சென்ற சத்திரங்கள் இன்றும் சேதுபாவாசத்திரம், முகுந்தராயர் சத்திரம் என ஊர்ப் பெயர்களில் வாழ்கின்றன. சத்திரம் எழுப்ப முதற்கண் வேண்டியது நல்ல தண்ணீர். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, குடிக்கத்தக்க நீர் அங்கே எவ்வாறு கிடைத்தது என்பது சிந்திக்கத்தக்கது.

கடந்த மாசித் திங்களில் ஐந்து நாள் விடுப்புப் பெற்று, இவ்வழியே மோட்டார் சைக்கிளில் தனியாகச் சென்று வந்தேன். துணைக்கு ஆள் தேடாததற்குக் காரணம் உண்டு. அலுவலக வாகனத்தில் நாலுபேர் புடைசூழ ஓர் ஊருக்குச் சென்றால், அவ்வூர் அன்றைக்கு வேறோர் ஊராகிவிடுகிறது. தெரு பெருக்கப்பட்டிருக்கும், மேல்நிலைத் தொட்டிக்கு வெள்ளை அடிக்கப்பட்டிருக்கும், குறை சொல்லக்கூடியவர் வெளியூர் சென்றிருப்பார். தனியே வரும் வழிப்போக்கனுக்கு யாரும் தோரணம் கட்டுவதில்லை. தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து, "இவ்வூரில் தண்ணீர் எப்படி?" என்று கேட்டால் உள்ளது உள்ளபடி விடை வருகிறது. பயணம் முழுவதும் நான் கேட்ட கேள்வியும் அது ஒன்றே.

இவ்வழியில் செல்ல விரும்புவோர்க்குத் தையும் மாசியும் ஏற்ற காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை மழையும் புயலும் உண்டு; சித்திரைக்குப் பின் வெயில் பொறுக்கவொண்ணாதது. காலையில் காற்று அடங்கியிருக்கும்போதே புறப்பட்டு விடுதல் நலம். பிற்பகலில் கடற்காற்று வண்டியை ஒரு புறமாகத் தள்ளும். சில இடங்களில் சாலைமீது மணலையும் வாரி இறைக்கும். இருட்டிய பின் ஓட்டுதல் வேண்டா. மாடுகள் படுத்திருக்கும், சாலையோரத்தில் கருவாடு உலர்த்துவோரின் பாய்களும் கிடக்கும்.

நகரும் மணல்

தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620-இல் அமைத்த கோட்டையைக் காண்பதற்கே பலர் வருகின்றனர். நான் நெடுநேரம் நின்றது அதனருகே உள்ள மாசிலாமணிநாதர் கோயிலின் எதிரில். பாண்டியர் காலத்துக் கோயில் அது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. கருங்கல்லைக் குவித்து எஞ்சியதைக் காத்துள்ளனர்.

கடற்கரை மணல் ஓரிடத்தில் நிலைத்திருப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் அலைகள் அதனைக் கரையோரமாகவே நகர்த்துகின்றன. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், வங்கக் கடலை நோக்கிய நம் கரையில் வடக்கு நோக்கிச் செல்வதே மிகுதி. இடையில் கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டினால் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பின்னர் மெரீனா அகன்றதும், இராயபுரம் பக்கம் கடல் ஊரை நெருங்கியதும் இதனாலேயே. ஆகவே தூண்டில் வளைவு வேண்டுமெனத் தீர்மானம் இயற்றும் பஞ்சாயத்து, தனக்கு வடக்கே உள்ள அடுத்த ஊர்ப் பஞ்சாயத்தையும் கலந்துகொள்வது முறையாகும். நடைமுறையில் அவ்வாறு யாரும் செய்வதாகத் தெரியவில்லை.

காரைக்காலைக் கடந்தால் நாகூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அக்கரைப்பேட்டையும் கீச்சாங்குப்பமும் பட்ட துயரை அங்குள்ளோர் இன்றும் தாழ்ந்த குரலிலேயே சொல்கின்றனர். உயர்ந்த மணல்மேட்டின் பின்னே இருந்த குடியிருப்புகள் பல இடங்களில் தப்பின. மேடு வெட்டப்பட்டு வழி விடப்பட்ட இடங்களில் அலை அவ்வழியே உட்புகுந்தது. வயல்களில் கடல்நீர் நின்று மண் உவர்ப்பாயிற்று. சிலர் ஜிப்சம் இட்டும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதும் நிலத்தைத் திருத்தினர். பல இடங்களில் அடுத்து வந்த பருவமழையே உவர்ப்பைப் பெருமளவு கழுவிற்று. வயல் விரைவில் தேறியது. மணல்மேடு அவ்வாறு ஓரிரு ஆண்டில் மீண்டும் எழுவதில்லை.

பேரலைக்குப் பின் கரையெங்கும் சவுக்கு நட்டனர். சவுக்குக்கு நான் பகைவன் அல்லன். காற்றைத் தடுக்கும், கழி தரும், விற்றால் காசும் ஆகும். ஆனால் சவுக்கு நடுவதற்காக மேட்டைச் சமப்படுத்திய இடங்களும் உண்டு. அது வீட்டுக்கு வேலி வைக்கச் சுவரை இடித்த கதை. மணலைப் பிடித்து வைக்கும் வேலையை இராவணன் மீசைப் புல்லும் அடப்பங்கொடியும் செலவின்றிச் செய்து வருகின்றன. காற்று கொணரும் மணல் அக்கொடியில் தட்டித் தங்குகிறது. மணல் உயர, கொடியும் மேலே ஏறுகிறது. இவ்வாறே மேடு வளர்கிறது. அதனைக் களையென எண்ணி அகற்றுவோர் உளர்.

மேட்டின் அடியில்

வேட்டைக்காரனிருப்பைத் தாண்டி வேதாரண்யம் நோக்கிச் செல்கையில் நிலத்தின் தோற்றமே மாறுகிறது. கிழக்கே கடல். தெற்கிலும் மேற்கிலும் உப்புச் சதுப்பும் உப்பளமும். இடையில் மணல் முதுகு ஒன்று நீண்டு கிடக்கிறது. அதன்மேல் மா, தென்னை, முல்லைத் தோட்டம், கடலை, காய்கறி. உப்புக்கு நடுவே இத்தனை பசுமை எங்ஙனம் நிற்கிறதென்று வியந்து, ஒரு தோட்டத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தினேன். முதியவர் ஒருவர் மணலில் அகலமாகத் தோண்டிய கேணியிலிருந்து குடத்தால் மொண்டு முல்லைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கேணி ஆள் உயரம்கூட இல்லை. நீர் தெளிந்திருந்தது. கையில் ஏந்திப் பருகினேன். கரிப்புச் சிறிதும் இல்லை. "இன்னும் ஆழமாகத் தோண்டினால் நிறைய வருமே, ஐயா?" என்றேன். "வரும் தம்பி, உப்பாக வரும்" என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டச்சு நாட்டுப் பொறியாளர் ஒருவரும், பின்னர் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கணக்கிட்டுக் காட்டினர். மழைநீர் கடல்நீரினும் எடை குறைந்தது. வேற்றுமை நாற்பதில் ஒரு பங்கு. ஆதலின் மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புநீருடன் எளிதில் கலவாமல் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நிற்குமானால், அதன் பாரத்தால் கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் தேங்கும். ஒன்றரை அடி நின்றால் 60 அடி. இது இயற்கை நமக்கு வைத்துள்ள பெரிய சேமிப்பு. கணக்கின் மறுபக்கத்தையும் காண வேண்டும். மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால் கீழிருந்து உப்புநீர் காலப்போக்கில் 40 அடி மேலேறும். ஆழ்குழாயிட்டு மோட்டாரால் உறிஞ்சும் இடத்திலோ, நேர் கீழேயுள்ள உப்புநீர் கூம்புபோல் எழுந்து குழாயின் வாயைத் தொட்டுவிடும். முதியவரின் கேணி மேலே மிதக்கும் நீரை மட்டும் மெல்ல எடுக்கிறது. ஆழம் குறைவு, அகலம் மிகுதி என்ற அமைப்பு அதற்கென்றே ஏற்பட்டது.

மணல்மேட்டுக்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். களிமண் நிலத்தில் பெய்யும் மழையின் பெரும்பகுதி வழிந்தோடுகிறது. மணல் மழையைப் பெய்த இடத்திலேயே குடித்துவிடுகிறது. குடித்த நீர் வெயிலில் ஆவியாகாதபடி மேலுள்ள உலர்மணல் போர்வையாகக் காக்கிறது. ஏனெனில் பருமணலில் நீர் கீழிருந்து மேலே ஏறும் உயரம் மிகக் குறைவு. மேட்டை வெட்டிச் சமப்படுத்தினால் நீர்மட்டம் வெயிலுக்கு அருகே வந்துவிடும். புயலின்போது ஏறிவரும் கடல்நீரும் அவ்விடத்தில் தங்கி உள்ளே இறங்கும். ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களிலேயே பெய்யும் இப்பகுதியில், அந்த மழையைப் பிடித்து எஞ்சிய மாதங்களுக்கு வைத்திருப்பது இம்மேடே.

எவ்வளவு உப்புக் கலந்தால் நீர் கெடும் என்பதையும் அறிதல் வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35,000 மில்லிகிராம் உப்புகள் கரைந்துள்ளன. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு வழியே இல்லாவிடில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நூறு குடம் நன்னீரில் இரண்டு குடம் கடல்நீர் சேர்ந்தாலே உப்பு ஏறத்தாழ 700 மில்லிகிராம் கூடிவிடும். ஆறு குடம் சேர்ந்தால் கடைசி எல்லையும் தாண்டிவிடும்.

இவ்வட்டாரத்தில் ஒரு கிராமத்தில், பெயர் வேண்டா, தேநீர்க் கடையில் பஞ்சாயத்துத் துணைத்தலைவரும் இரண்டு உறுப்பினரும் இருந்தனர். நான் கேட்ட கேள்விகளிலிருந்து என் உத்தியோகத்தை ஊகித்துக்கொண்டனர். அவர்கள் முன் ஒரு மனு இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் கடலோரத்தில் நிலம் வாங்கியுள்ளார். தங்கும் விடுதி கட்டப் போகிறார். மேட்டை நிரவிக்கொள்ளவும் இரண்டு ஆழ்குழாய்க் கிணறு போடவும் பஞ்சாயத்து ஆட்சேபணை இல்லை என்று எழுதித்தர வேண்டும். பதிலுக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருவார். இருபது பேருக்கு வேலையும் தருவார். "ஐயா, கஜா புயலுக்குப் பிறகு இந்த ஊரில் தென்னை வருமானம் போயிற்று. வேலை தருகிறேன் என்று வருபவரை எப்படி வேண்டாமென்பது?" என்று துணைத்தலைவர் கேட்டார்.

அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடியுமுன் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா, மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வீசி, நான்கைந்து மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. மாமரங்கள் வேரோடு பெயர்ந்தன. புதிதாக வைத்த தென்னை காய்க்க ஆண்டுகள் பல ஆகும். விருந்தினர் வருவதால் வரும் வருவாய் இவ்வூர்களுக்கு வேண்டியதே.

நான் அவர்களுக்கு விடுதி கூடாதென்று சொல்லவில்லை. அதற்கு எனக்கு அதிகாரமும் இல்லை, விடுப்பில் வந்த வழிப்போக்கன். கணக்கை மட்டும் கடைக்காரரின் கண்ணாடிக் குவளையில் செய்து காட்டினேன். பாதிக் குவளை உப்புநீரின்மேல் தேநீர்ச் சாயம் கலந்த நன்னீரைக் கரண்டியின் முதுகு வழியே மெல்ல விட்டால் இரண்டும் தனித்தனியே நிற்கும். அடிவரை குழலைச் செருகி வேகமாக உறிஞ்சினால் வாயில் வருவது உப்பு. இது எந்தப் பள்ளியிலும் செய்து காட்டத்தக்கது. பிறகு சட்ட நிலையைச் சொன்னேன். 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடும் அலையாத்திக் காடும் மிகக் கடுமையாகக் காக்கப்பட வேண்டிய முதல் வகுப்பில் உள்ளன. அவற்றைப் பஞ்சாயத்து நினைத்தாலும் விட்டுக்கொடுக்க இயலாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் வரைபடம் உண்டு. அதில் நம் ஊர் எந்த வகுப்பில் உள்ளதென்று பார்க்காமல் கையெழுத்திடுதல் தகாது. மேட்டுக்குப் பின்னே, ஊர்ப்பக்கத்தில், கூரை நீரைச் சேமிக்கும் தொட்டியுடன், ஆழ்குழாய் இன்றி விடுதி கட்ட அவர் இசைவாரானால் அது வேறு பேச்சு.

மற்றொரு வழியும் அவர்களிடம் இருந்தது, தாமே அறியாதிருந்தனர். ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ்க் கிராமப் பெண்களுக்குப் பயிற்சியளித்து நீர்ப் பரிசோதனைப் பெட்டி வழங்கியுள்ளனர். அவ்வூர்ப் பெட்டி அலமாரியில் பிரிக்கப்படாமல் இருந்தது. கடலிலிருந்து ஊர்வரை ஐந்தாறு கிணறுகளைத் தேர்ந்து, மாதந்தோறும் ஒரே நாளில் நீரின் உப்பையும் மட்டத்தையும் அளந்து பதிவேட்டில் குறித்து வந்தால், உப்பு முன்னேறுகிறதா பின்வாங்குகிறதா என்பது ஓராண்டில் புலப்படும். அப்பதிவேடு இருப்பின், மனுச் செய்தவரிடமும் அதிகாரிகளிடமும் பேச ஒரு பிடி கிடைக்கும். உறுப்பினர்களுள் ஒருவர் பெண்மணி. அவர், "மனுவை மார்ச் 22 கிராம சபைக்கு வைப்போம், அதற்குள் நான் பெட்டியை எடுக்கிறேன்" என்றார். அந்நாள் உலகத் தண்ணீர் நாள். நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் ஆறு நாட்களுள் ஒன்று. அதன்பின் என்ன முடிவாயிற்று என்று இதை எழுதும் வரை எனக்குச் செய்தி இல்லை.

இறால் பண்ணைகளின் வரலாறும் இவ்வட்டாரத்தார்க்குப் புதிதன்று. 1990-க்குப் பின் நாகைக் கடலோரத்தில் நெல்வயல்கள் உப்புநீர்க் குளங்களாயின. சுற்றுக் கிணறுகள் கரித்தன. காந்தியத் தொண்டர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துள் அத்தகைய பண்ணைகளைத் தடை செய்து தீர்ப்பளித்தது. பின்னர் 2005-இல் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவும் நெறிமுறைகளும் ஏற்பட்டன. பதிவு பெறாத பண்ணை ஊரில் உண்டா என்று பார்ப்பது இன்றும் பஞ்சாயத்துக்குப் பயன்தரும்.

உப்பும் சதுப்பும்

வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாக்கிரக நினைவுத்தூண் உள்ளது. 1930 ஏப்ரல் 13-இல் திருச்சியிலிருந்து இராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் அம்மாத இறுதியில் இங்கு வந்து உப்பெடுத்தனர். அவர்களுக்குத் துணைநின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளையின் பெயர் இவ்வூரோடு ஒன்றியது. மாசியில் உப்பளப் பாத்திகள் வேலைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தன. கிழக்கே சில மைல் தொலைவில் முல்லைத் தோட்டம், இங்கே உப்புப் பாத்தி. இரண்டும் ஒரே ஊரார்க்குச் சோறு போடுகின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள எல்லை கண்ணுக்குத் தெரியாதபடி மண்ணுக்கடியில் ஓடுகிறது.

கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குப் புகலிடம். வெளிமான்கள் திறந்த புல்வெளியில் நிற்பதையும், சதுப்பில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடுவதையும் அதிகாலையில் கண்டேன். கரை இங்கே மேற்கு நோக்கித் திரும்புகிறது. அலையடிக்கும் வங்கக் கடல் முடிந்து, ஆழங்குறைந்த பாக் நீரிணை தொடங்குகிறது. வண்டியோட்டிக்கும் வேற்றுமை தெரியும். காதில் விழுந்துகொண்டிருந்த இரைச்சல் நின்றுவிடுகிறது.

முத்துப்பேட்டையில் ஜாம்புவானோடையிலிருந்து வனத்துறையின் இசைவுபெற்றுப் படகில் செல்லலாம். தனியாள் ஒரு படகை அமர்த்துவது செலவு. மன்னார்குடியிலிருந்து வந்திருந்த ஆசிரியர் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டேன். இருபுறமும் அலையாத்தி மரங்கள் மூச்சுவேர்களைச் சேற்றிலிருந்து ஈட்டிபோல் நிமிர்த்தி நிற்கின்றன. இக்காட்டின் கதை நம்போன்ற வளர்ச்சிப் பணியாளர்க்குப் பாடமாகத்தக்கது. ஆங்கிலேயர் காலத்தில் பத்தி பத்தியாக முழுவதும் வெட்டி விறகாக்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் வெயில் பட்டு, சேறு உலர்ந்து, நிலம் பள்ளமாக இறங்கிற்று. ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கி, வற்றி, கடலினும் உப்பாயிற்று. அலையாத்திக்கே அது பொறுக்கவில்லை. பல்லாண்டு அங்கே கன்று முளைக்கவில்லை. மரம் நட்டால் போதுமென்று நட்டுப் பார்த்தவை பட்டுப்போயின. பிறகு எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் காரணத்தை ஆய்ந்து, ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, அதிலிருந்து மீன்முள் போலச் சாய்வாகக் கிளைவாய்க்கால்கள் பிரித்தனர். ஓதம் ஏறவும் இறங்கவும் வழி கிடைத்தது, உப்புக் குறைந்தது, கன்றுகள் பிடித்தன. வாய்க்கால்களில் தூர் சேராமல் காக்கும் பொறுப்பில் அருகிலுள்ள கிராமத்தாரையும் சேர்த்துக்கொண்டனர். கஜா புயலில் இக்காடு பெரிதும் சிதைந்தது. சிதைந்த பகுதிகளில் துளிர்த்து வருபவற்றையும் மொட்டையாக நிற்பவற்றையும் படகோட்டி தனித்தனியே காட்டினார்.

அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று அடுத்து வரும் ஊர்களை விரைந்தே கடந்தேன். நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதன் நினைவாக இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பிய மனோரா கடலை நோக்கி நிற்கிறது. அதன் எதிரிலுள்ள கடற்புல் படுகையில் ஆவுளியா என்னும் கடற்பசு மேய்கிறது. அதனைக் காக்கத் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய கடற்பரப்பை 2022-இல் அரசு காப்பகமாக அறிவித்தது. காண வருவோர் பெருகுவர் என்பதில் ஐயமில்லை. அவர்களுக்கு நிழலும் கழிப்பறையும் குடிநீரும் கட்டணத்துக்கு அளித்தால் பஞ்சாயத்துக்கு வருவாய். அளிக்காவிடில் அவர்கள் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் குப்பிகளை அள்ளும் செலவு. மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வரை ஓரிடத்தில்தான் மகளிர் குழுவினர் நடத்தும் ஒழுங்கான கழிப்பறையைக் கண்டேன். அங்கே நுங்கும் விற்றனர். குடும்பத்துடன் வருவோர் அனைவரும் அங்கேயே வண்டியை நிறுத்தினர். நிறுத்தியவர்கள் வெறுங்கையோடு போகவில்லை.

இராமநாதபுர மாவட்டத்துள் நுழைந்தால் சீமைக் கருவேலம் இருபுறமும் சூழ்கிறது. ஊர்தோறும் ஊருணி உண்டு. காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது. வராத நாளில் பெண்கள் நாற்சக்கரத் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நெடுந்தூரம் செல்கின்றனர். ஓர் ஊரில் ஊருணியின் வரத்துக்காலை மறித்து வீட்டுமனை போட்டுள்ளனர். ஊருணி காய்ந்து கிடக்க, அதன் கரையில் தண்ணீர் லாரி குடத்துக்குக் காசு வாங்கிக்கொண்டிருந்தது. கரைகளில் பனைகள் நின்றன. ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாதென்று 2021-இல் அரசு அறிவித்த செய்தி அவ்வூரில் எத்தனை பேருக்குத் தெரியுமென்று கேட்டேன். தண்ணீர் பிடிக்க நின்ற பெண்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல் திறக்கப்பட்டது. அதன்மேல் நின்று பார்த்தால், 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்தாக உயரும் புதிய இரயில் பாலம் அருகே தெரியும். காற்று மிகுதி, இருசக்கர வண்டியில் செல்வோர் பாலத்தின் நடுவில் நிறுத்துதல் கூடாது.

தனுஷ்கோடி 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வரை இரயிலடியும் அஞ்சலகமும் கோயிலும் தேவாலயமும் கொண்ட ஊர். அன்றிரவுப் புயல் பாம்பனிலிருந்து வந்த இரயிலை அதில் இருந்தோருடன் கொண்டுபோயிற்று. ஊர் வாழத் தகுதியற்றதென்று அரசு அறிவித்தது. ஆயினும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தே வருகின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தபின் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வருகின்றனர். மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ஒருபுறம் பாக் நீரிணை, மறுபுறம் மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்பர் அங்குள்ளோர். நடுவே கிடக்கும் மணற்றிட்டு சில இடங்களில் கல்லெறி தூரமே இருக்கும்.

இரண்டு கடலுக்கும் நடுவே அம்மணலில் மூதாட்டி ஒருவர் குந்தியிருந்தார். அவர் முன்னே முழங்கை ஆழத்துக்குச் சற்று மிகுந்த குழி. பக்கங்கள் சரியாமல் அடியற்ற தகரப் பீப்பாய் ஒன்றைப் புதைத்திருந்தார். சிரட்டையால் முகந்து குடத்தில் ஊற்றுவார். மீண்டும் ஊறும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். எனக்கும் ஒரு சிரட்டை தந்தார். இனிய நீர். "இங்கே மோட்டார் வைத்தவர் உண்டா, அம்மா?" என்று கேட்டேன். கடைகளுக்காக ஒருவர் இரண்டு மாதம் வைத்திருந்ததாகவும், அந்தப் பக்கத்துக் குழிகள் மூன்றும் கரித்துவிட்டதாகவும், அடுத்த மழைக்குப் பின் அவற்றுள் ஒன்று தேறியதாகவும் கை நீட்டிக் காட்டினார். இரண்டு குடம் நிறைய அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு பீப்பாயின் வாயைப் பலகையால் மூடி, ஆடு மிதியாதபடி முள்ளை இழுத்து வைத்துவிட்டுக் குடங்களோடு குடிசைப் பக்கம் நடந்தார்.